கம்பிக் கருவி பழகுகிறவர்கள் நம்ம ஊரில் செய்யும் தவறுகள்

போன ஐப்பசியில் ஒரு தம்பி கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணே, கம்பியெல்லாம் மேல ஏறிப் போச்சு, அமுக்க முடியல" என்றான். உறையைத் திறந்ததுமே பூசண வாடை. கிட்டாரின் வட்ட ஓட்டைக்குள் கையை விட்டால் ஒரு சோப்பு டப்பா, மூடியில் பத்துப் பன்னிரண்டு துளை, உள்ளே நனைத்த ஸ்பாஞ்சு. மரம் காய்ந்து வெடிக்காமல் இருக்க இப்படி வைக்கணும் என்று யூடியூபில் பார்த்தானாம். அந்த வீடியோவை எடுத்தவர் பனிக்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருக்கிற ஊர்க்காரர். நமக்கோ ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை, இரண்டும் பெய்கிற கன்னியாகுமரி மாவட்டம். கொடியில் போட்ட வேட்டி இரண்டு நாளாகியும் காயாத சமயத்தில் இவன் கிட்டாருக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

தக்கலைப் பக்கம் எங்கள் மொட்டைமாடியில் ஞாயிறு சாயங்காலம் ஏழெட்டுப் பேர் கூடுவோம். இரண்டு மூன்று கிட்டார், ஒரு மேண்டலின், எப்போதாவது வயலின், கோயில் கொடைத் திருவிழாக் காலம் முடிந்து ஓய்வு கிடைத்தால் வில்லுப்பாட்டில் வில்லடிக்கிற பாட்டா (தாத்தா) ஒருவரும் வருவார். யாரும் இதில் சம்பாதிக்கிறவர்கள் இல்லை. அங்கே நான் பார்க்கிற தவறுகளில் பாதிக்கு மேல் இந்த சோப்பு டப்பா வகைதான்: எந்த ஊருக்கோ, எந்தப் பாட்டுக்கோ சொன்ன யோசனையை இங்கே அப்படியே செய்து பார்ப்பது.

காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருந்தால் கிட்டார் மரத்துக்குச் சுகம். நம்ம பக்கம் மழைக்காலத்தில் அதைவிட வெகுவாக ஏறிவிடும். மரம் ஈரத்தைக் குடித்து, மேல்பலகை உப்பி, அதோடு ஒட்டியிருக்கும், கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜையும் தூக்கிவிடும். கம்பி ஏறிப் போனது அதனால்தான். செய்ய வேண்டியது நேர் எதிர். உறைக்குள் நாலைந்து சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், மழை அடிக்கிற வெளிச்சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், வெயில் அடிக்கிற நாளில் நிழலில் திறந்து காற்றாட விடுங்கள். நிழலில்தான். ஈரம் போகட்டும் என்று வெயிலிலேயே காய வைத்தவரும் உண்டு, முட்டம் கடற்கரைக்குப் போய்க் காருக்குள் கிட்டாரை விட்டுவிட்டுக் குளிக்கப் போனவரும் உண்டு. பூட்டிய காரின் சூட்டில் பசை இளகி பிரிட்ஜ் பெயர்ந்து வரும். தம்பியின் கிட்டார் சிலிக்கா ஜெல் போட்டு மூன்று வாரத்தில் ஓரளவு இறங்கிவிட்டது.

கடலோரத்துக்காரர்களுக்கு ஒரு கூடுதல் தொல்லை, உப்புக்காற்று. குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கத்தில் ஸ்டீல் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் பழைய பருத்தி வேட்டித் துண்டால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடைத்தால் போதும், ஒரு நிமிட வேலை. துருவுக்குப் பயந்து தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள் பாருங்கள், அதை மட்டும் செய்யாதீர்கள். மேல் மூன்று நாலு கம்பிகள் மெல்லிய இழை சுற்றிய சுற்றுக் கம்பிகள், அந்தச் சுற்றுக்குள் எண்ணெய் இறங்கி, அழுக்கைப் பிடித்து, பத்து நாளில் கம்பி கயிறு மாதிரி ஒலிக்கும். கதவுக் கீலுக்குச் சரி, கம்பிக்கு ஆகாது.

அடுத்தது விரல் வலி. புதிதாகப் பழகுகிறவர் விரல் வலிக்கிறது என்றால் எல்லோரும் சொல்வது, "பழகப் பழகச் சரியாகும்". கொஞ்சம் வலி இருக்கும்தான், தோல் காய்ப்பதற்குச் சில வாரம் ஆகும். ஆனால் மூன்று மாதம் கழித்தும் எஃப் கார்டு (பல கம்பிகளை ஒன்றாக அமுக்கி எழுப்பும் ஸ்வரக் கூட்டு) பிடித்தால் கண்ணில் தண்ணீர் வருகிறது என்றால் குற்றம் விரலில் இல்லை. ஒரு ஸ்கேலை எடுத்து 12-ஆவது ஃப்ரெட்டின் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) தலையிலிருந்து தடித்த கம்பியின் அடி வரை அளந்து பாருங்கள். ஸ்டீல் கம்பி கிட்டாருக்கு இரண்டரை மில்லிமீட்டர் பக்கம் இருந்தால் நல்லது. நாலு மில்லிமீட்டர் என்றால் அதில் யார் வாசித்தாலும் கை வலிக்கும். விலை குறைந்த கிட்டார்கள் பல அப்படித்தான் பெட்டியிலிருந்து வருகின்றன. இதைக் குறைக்கக் கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைச் சாவி போட்டுத் திருகுவது இன்னொரு தவறு. அது கழுத்தின் வளைவைச் சரிசெய்ய மட்டும். உயரம் குறைய பிரிட்ஜில் செருகியிருக்கும் வெள்ளைப் பட்டையின் அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். 12-ஆவது ஃப்ரெட்டில் ஒரு மில்லிமீட்டர் இறங்க, பட்டையில் இரண்டு மில்லிமீட்டர் போக வேண்டும். கொஞ்சம் தேய்த்து, மாட்டிப் பார்த்து, மறுபடி தேயுங்கள். போனது திரும்பி வராது.

நைலான் கம்பிக்குச் செய்த கிட்டாரில் ஸ்டீல் கம்பி மாட்டாதீர்கள். இது என் சொந்தக் கதை. என் முதல் கிட்டார் கிளாசிக்கல் வகை, "ஸ்டீல் போட்டா சவுண்ட் கணீர்னு இருக்கும் தம்பி" என்று சொல்லிக் கடைக்காரர் மாட்டிக்கொடுத்தார், நானும் சந்தோஷமாக வாங்கி வந்தேன். நைலான் செட் ஏறக்குறைய 40 கிலோ இழுக்கும், ஸ்டீல் செட் 70 கிலோவரை இழுக்கும். மூன்றாவது மாதம் ஒரு நடுராத்திரியில் பட்டாசு வெடித்த மாதிரி சத்தம், அம்மா விளக்கைப் போட்டுப் பார்த்தால் பிரிட்ஜ் அறைக்கு நடுவே கிடக்கிறது.

இனி பெரிய விஷயம், சுதி. கிட்டார் புத்தகம் எல்லாம் சி, ஜி, டி என்று போகும். நம்ம வீட்டில் பாடுகிறவர் கட்டையில் பாடுவார். ஒரு கட்டை என்றால் சி, இரண்டு கட்டை டி, மூன்று ஈ, நாலு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி; அரைக் கட்டைகள் ஆர்மோனியத்தில் இடையில் வரும் கறுப்புக் கட்டைகள். ஆண்கள் பொதுவாக ஒன்று, ஒன்றரை, இரண்டு பக்கம் பாடுவார்கள், பெண்கள் ஐந்து, ஐந்தரை, ஆறு பக்கம். எங்கள் மாடியில் வழக்கமாக நடப்பது என்னவென்றால், கிட்டார்க்காரனுக்கு சி மட்டும் தெரியும் என்பதற்காகப் பாடுகிற அக்காவை சி-க்கு இழுப்பான், அவர் பாதிப் பாட்டில் அடித்தொண்டையில் முனகிக்கொண்டிருப்பார். இல்லையென்றால் அவர் சுதிக்கு வர ஆறு கம்பியையும் முறுக்குவான். ஒரு முழு ஸ்வரம் ஏற்றினால் கம்பியின் இழுவிசை கிட்டத்தட்ட கால் பங்கு கூடும். மெல்லிய கம்பி அறுந்து கன்னத்தில் அடித்த தழும்பு எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கு இருக்கிறது.

கேப்போ என்று, கழுத்தில் மாட்டி எல்லாக் கம்பியையும் ஒரே ஃப்ரெட்டில் அமுக்கிச் சுதியை ஏற்றுகிற ஒரு கிளிப் கிடைக்கும், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அக்கா ஐந்தரையில் பாடுகிறாரா, முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு ஜி வாசியுங்கள், அல்லது நாலாவதில் போட்டு ஈ வாசியுங்கள். ஒன்றரைக் கட்டை அண்ணனுக்கு முதல் ஃப்ரெட்டில் கேப்போ, சி வாசிப்பு. பாடுகிறவர் தொண்டை எங்கே நிற்கிறதோ அங்கேதான் கருவி போய் நிற்க வேண்டும்.

சுதி சேர்ந்த பிறகும் ஒன்று உறுத்தும். நாட்டுப்பாட்டு மெட்டுகள் பலவற்றில் காந்தாரம் (ச ரி க-வில் வரும் க) ஓரிடத்தில் நிற்காது, பாடுகிறவர் அதை வழுக்கிக்கொண்டே போவார். நாம் அதற்குக் காந்தாரம் உயர்ந்து நிற்கும் மேஜர் கார்டு அடித்தாலும் இடிக்கும், தாழ்ந்து நிற்கும் மைனர் அடித்தாலும் இடிக்கும், கடைசியில் "பாட்டா சுதி விலகுறார்" என்று பாடுகிறவர் மேலேயே பழி போடுவோம். விலகுவது அவரல்ல, அசையாத ஃப்ரெட்டும் அதில் பிடித்த கார்டும்தான். காந்தாரத்தைக் கார்டிலிருந்து எடுத்துவிடுங்கள், சட்ஜமும் (ச) பஞ்சமமும் (ப) மட்டும் தம்பூரா போல ஓடட்டும். என் கருத்தில் புதிதாகப் பழகுகிறவர் நாட்டுப்பாட்டுக்கு முதல் வருஷம் முழுக்க இதை மட்டும் வாசித்தாலே போதும். மூன்று கிட்டாரும் ஒரே கார்டை ஒரே மாதிரி அடிப்பதும் வேண்டாம். ஒருவர் அடிக்கட்டும், ஒருவர் மெட்டை வாசிக்கட்டும், மூன்றாமவர் கொஞ்ச நேரம் சும்மா இருக்கட்டும். சும்மா இருப்பதுதான் எங்கள் கூட்டத்தில் யாருக்கும் வராதது.

மேண்டலின் வாங்கியவர்கள் உடனே கர்நாடக இசையை மேண்டலினில் வாசித்த யு. ஸ்ரீநிவாஸ் வாசிப்பைப் பார்த்து விரல் வைக்கப் பார்ப்பார்கள். அவர் வாசித்தது ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட எலெக்ட்ரிக் மேண்டலின். கடையில் நீங்கள் வாங்கியது எட்டுக் கம்பி, நாலு ஜோடி. விரல் கணக்கு ஒத்துவராது, நீண்ட ஒலியும் வராது, அதற்காகத்தான் இதில் கம்பியை மேலும் கீழுமாக வேகமாக மீட்டுவது. ஜோடிக் கம்பிகளைச் சேர்க்கும்போது ஒன்றை விரலால் அடக்கிவிட்டு மற்றதைச் சேருங்கள், இரண்டும் சேர்ந்து ஒலிக்கையில் போனில் சுதி காட்டும் ட்யூனர் குழம்பும்.

வயலினில் குழப்பம் வேறு வகை. சர்ச் பாடகர் குழுவில் ஜி, டி, ஏ, ஈ என்று சேர்த்து, நின்றுகொண்டு தாடையில் வைத்துப் பழகிய பிள்ளை, கர்நாடக சங்கீத ஆசிரியரிடம் போனால் உட்கார்ந்து வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றச் சொல்வார், கம்பியை ச ப ச ப என்று சேர்க்கச் சொல்வார். இரண்டும் சரிதான், ஆனால் முதல் வருஷத்தில் இரண்டையும் கலக்காதீர்கள். வயலின் நம் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. இந்த மாவட்டம் முன்பு திருவிதாங்கூரோடு இருந்தது. அதன் அரசர் சுவாதித் திருநாள் 1830-களிலேயே தஞ்சை நால்வர் எனப்பட்ட இசைச் சகோதரர்களில் ஒருவரான வடிவேலுவுக்குத் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார்.

வில்லுப்பாட்டு வில்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கிட்டார் தெரிந்த பையன்கள் அதையும் மெட்டு வாசிக்கிற கருவி என்று நினைத்துக்கொண்டு பாட்டாவிடம் "இதுல என்ன நோட்டு?" என்று கேட்கிறார்கள். நாணும் அதை அடிக்கிற வீசுகோலும் தாளத்துக்கு. வில்லில் தொங்கும் மணிகள் குலுங்க வேண்டும், வில்லோடு கட்டியிருக்கும் குடம் அந்த அதிர்வை வாங்கிக்கொள்ள வேண்டும், உடுக்கையும் தாளமும் தட்டுகிற மரக்கட்டையும் கூடவே போக வேண்டும். புதியவர் செய்கிற தவறு நாணை ஓங்கி அடிப்பது. ஓங்கினால் நாண் சத்தம்தான் கேட்கும், மணி சத்தம் அமுங்கும். பாட்டா மணிக்கட்டை மட்டும்தான் அசைப்பார், பக்கப்பாட்டுக்காரர் "ஆமா" போடுகிற இடத்தில் கோல் தானாக எழும்பும். இன்னொன்று, கொடையில் சாமி வரவழைக்கிற பகுதியை மாடியில் டீ குடித்துக்கொண்டே எடுத்துவிடாதீர்கள். ஒருமுறை ஒரு பையன் உற்சாகத்தில் ஆரம்பிக்க, பாட்டா கோலைக் கீழே வைத்துவிட்டார். கோபப்படவில்லை. "அது கோமரத்தாடி நிக்கிற இடத்துல பாடுறது மக்கா" என்று, சாமியாடுகிறவர் நிற்கும் இடத்தைச் சொல்லிவிட்டு, அதே கதையில் வேறு இடத்திலிருந்து அவரே எடுத்துப் பாடினார்.

பயிற்சி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தினம் இருபது நிமிடம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாலு மணி நேரம் என்பதைவிட மேல்.

ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பதில் நடக்கும் தவறுகள்தான் எனக்கு அதிக எரிச்சல். வாட்ஸ்அப்பில் வாசித்து அனுப்புவார்கள், எத்தனை கட்டை, கேப்போ எங்கே என்று ஒரு வார்த்தை இருக்காது. கேட்பவர் அரைமணி நேரம் அதைக் கண்டுபிடிப்பதிலேயே களைத்துப்போவார். பதிவின் தொடக்கத்தில் கட்டையைச் சொல்லி, ஒரு சட்ஜத்தை நிறுத்தி மீட்டிவிட்டு ஆரம்பியுங்கள். கார்டு மட்டும் எழுதி அனுப்பாதீர்கள், பாட்டின் வரியையும் எழுதுங்கள். வரி தெரியாதவனுக்கு எங்கே மூச்சு விடுவது என்று தெரியாது. புலவர் ஒருவர் நோட்டில் எழுதி வைத்திருக்கும் பாட்டை அவரிடம் கேட்காமல் படம் எடுத்துப் பரப்பாதீர்கள், பரப்பினால் கீழே உங்கள் பெயரைப் போடாதீர்கள். இதைச் சொன்னால் "எல்லாரும் செய்றதுதானே" என்கிறார்கள்.

கருவியை இரவல் கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாங்குகிறவரிடம் எந்த வகைக் கம்பி, எந்தச் சுதி, எவ்வளவு வரை முறுக்கலாம் என்று சொல்லியே கொடுங்கள். உறையில் ஒரு முதல் கம்பி (எல்லாவற்றிலும் மெல்லியது) உபரியாக வையுங்கள், பெரும்பாலும் அறுவது அதுதான். ஞாயிறு சாயங்காலம் அறுந்தால் கடை திறக்க திங்கள் வரை காத்திருக்க வேண்டும், அதுவரை அந்த ஆள் உங்களிடம் பேசாமலே சுற்றிக்கொண்டிருப்பார்.