சின்ன அறையில் கிட்டாரும் கீபோர்டும்: நான் இடம் பிடித்த விதம்

இரண்டு கிட்டார், ஒரு கீபோர்டு, கிட்டார் ஒலியை மாற்றும் நாலைந்து பெடல், ஒரு மூட்டை கேபிள். எல்லாம் படுக்கையறையில்தான். கால் வைக்க இடமில்லை என்றானதும் தரையை விட்டுவிட்டுச் சுவரைப் பார்க்க ஆரம்பித்தேன்.

தினமும் வாசிக்கும் கிட்டார் இப்போது சுவர்க் கொக்கியில் தொங்குகிறது. வெளிச்சுவர் வெயிலில் காயும், மழையில் ஈரம் இறங்கும். அதனால் ஜன்னல் வெயில் படாத உள்சுவராகப் பார்த்து மாட்டினேன். கொக்கியின் ரப்பரையும் கவனியுங்கள்: நைட்ரோசெல்லுலோஸ் பூச்சுள்ள கிட்டாரில் சில வகை ரப்பர் பட்ட இடம் இளகிக் கறைபடும். நான் பருத்தித் துணியைச் சுற்றிவிட்டேன்.

இன்னொன்று கெட்டிப் பெட்டிக்குள், கட்டிலுக்கடியில். தந்திகளை லேசாகத்தான் இறக்கினேன். அடியோடு தளர்த்தி மாதக்கணக்கில் போட்டுவைத்தால் கழுத்து பின்பக்கம் வளையலாம். மரத்துக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் தோதானது. பெட்டிக்குள் ஒரு குட்டி ஈரப்பதமானியும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் இருக்கின்றன. பொட்டலம் ஈரம் குடித்துத் தீர்ந்ததும் மாற்ற வேண்டும். பலர் போட்டதோடு மறந்துவிடுகிறார்கள்.

கீபோர்டு உறைக்குள், அலமாரியோரம் நெட்டுக்குத்தாக நிற்கிறது. சரியாமலிருக்க ஒரு பட்டை. பெடல்களில் பேட்டரியைக் கழற்றிவிட்டேன், கசிந்தால் முனைகளை அரித்துவிடும்.

கேபிளை முழங்கையில் முறுக்கிச் சுற்றுவது எனக்கு ஆகவே ஆகாது, உள்கம்பி நைந்துபோகும். பெரிய வளையமாகச் சுற்றி, வெல்க்ரோ பட்டை போட்டு, கதவுக்குப் பின்னால் மாட்டியாகிவிட்டது.