பினாங்கில் ஒரே நாளில் அன்னம்மாள் கோயிலும் தண்ணீர்மலைத் தோட்டமும்

அம்மாவின் நெடுநாள் ஆசை, மலேசியாவில் இருக்கும் புனித அன்னம்மாள் திருத்தலத்தைப் பார்க்க வேண்டும் என்பது. திருச்சியிலிருந்து போய் பினாங்கு ஜார்ஜ் டவுனில் தங்கியபோது, ஒரு முழு நாளை அதற்கென்றே ஒதுக்கினோம். பாஸ்போர்ட், விமானச் சீட்டு பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. காலையில் அறையை விட்டுக் கிளம்புவதிலிருந்து தொடங்குகிறேன்.

படி 1: காலையில் கோயில், மாலையில் தோட்டம்

இந்த வரிசையை மாற்றாதீர்கள். இரண்டு இடத்திலும் ஏற்றம் உண்டு, மதிய வெயிலில் பெரியவர்களால் முடியாது.

படி 2: படகு

கோயில் பினாங்குத் தீவில் இல்லை, எதிர்க்கரையில் புக்கிட் மெர்தாஜாம் ஊரில் இருக்கிறது. ஜார்ஜ் டவுன் படகுத்துறையில் படகு ஏறினால் சிறிது நேரத்தில் பட்டர்வொர்த். கட்டணத்துக்கு அட்டை வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் தோட்டத்துக்குப் போகும் பேருந்துக்கு மட்டும் சில்லறை வேண்டும், ஓட்டுநர் மீதி தரமாட்டார். பாலம் வழியாகக் காரிலும் போகலாம். ஆனால் கடல் காற்றில் படகில் போகும் சுகம் அதில் வராது.

படி 3: ரயில் (இங்கேதான் தவறினோம்)

பட்டர்வொர்த் படகுத்துறையிலிருந்து நடைபாதை வழியாகவே ரயில் நிலையத்துக்குப் போய்விடலாம். கொமுட்டர் ரயிலில் ஏறுங்கள். வழியில் 'புக்கிட் தெங்கா' என்று ஒரு நிலையம் வரும். 'புக்கிட்' என்று காதில் விழுந்ததும் நான் அம்மாவின் கையைப் பிடித்து இறங்கிவிட்டேன். மலாயில் புக்கிட் என்றால் குன்று. நம் ஊரில் 'பட்டி' போல அங்கே எத்தனையோ ஊர்ப் பெயர்களில் அது வரும். அடுத்த ரயிலுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் நடைமேடையில் உட்கார்ந்திருந்தோம். அம்மா ஒரு சொல் கடிந்து பேசவில்லை, ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். காலைப் பூசை போய்விட்டது. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. ஆகவே முதல் சொல்லைக் கேட்டு எழாதீர்கள். 'மெர்தாஜாம்' என்று பலகையில் பார்த்த பிறகு இறங்குங்கள். நிலையத்திலிருந்து கோயிலுக்கு கிராப் வண்டி (செயலியில் அழைக்கும் வாடகைக் கார்) வைத்துக்கொள்வதே நல்லது.

படி 4: கோயிலில் என்ன பார்ப்பது

முதலில் கண்ணில் படுவது 2002இல் கட்டிய பெரிய கோயில். இந்தோனேசியாவின் மினாங்கபாவ் மக்களின் வீடுகளைப் போல முனை உயர்ந்த கூரை. 2019இல் இதற்குப் பசிலிக்கா என்ற தகுதி கிடைத்தது. ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். 1888இல் கட்டிய பழைய கோயிலுக்குப் போய்க் கொஞ்ச நேரம் அமைதியாக உட்காருங்கள். அன்னம்மாள் என்பவர் மரியன்னையின் தாய், இயேசுவுக்குப் பாட்டி. பேரப்பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி அம்மா மெழுகுவர்த்தி ஏற்றியது அந்த இடத்துக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது. தமிழிலும் இங்கே திருப்பலி உண்டு. நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பலர் பார்க்காமல் வருவது இந்த வளாகத்தில் உள்ள செரோக் தொக்குன் கல்வெட்டு. பல்லவ எழுத்து வகையில், வடமொழியில் பொறித்த பழங்காலப் பாறை. 1845இல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி இதைப் பதிவு செய்தார். கிறிஸ்தவம் இந்த மலைக்கு வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இங்கே யாரோ வந்து எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவசியம் பாருங்கள்.

படி 5: தோட்டம்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதே வழியில் தீவுக்குத் திரும்புங்கள். ஜார்ஜ் டவுன் படகுத்துறையிலிருந்து 10ஆம் எண் பேருந்து தாவரவியல் தோட்டத்துக்குப் போகும். அடிக்கடி வராது, எங்களைப் போல நேரமாகிவிட்டால் கிராப்தான். 1884இல் சார்லஸ் கர்ட்டிஸ் பொறுப்பில், பழைய கருங்கல் குவாரி இருந்த பள்ளத்தாக்கில் உருவான தோட்டம் இது. அருவி இருப்பதால் பினாங்குத் தமிழர்களுக்கு இந்தப் பகுதி தண்ணீர்மலை. தைப்பூசக் காவடிகள் வந்து சேரும் முருகன் கோயிலும் பக்கத்தில்தான். நுழைவுக் கட்டணம் இல்லை.

நாகலிங்க மரத்தைத் தேடிப் பாருங்கள். கீழே விழுந்து கிடந்த பூவை அம்மா எடுத்து முகர்ந்து, வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுப் போன இருவர், தோட்டத்தில் குரங்கு பையைப் பறித்ததாகக் கருத்தில் எழுதியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் பை கண்ணில் பட்டால் உணவு என்றே நினைத்து வந்துவிடும். எல்லாவற்றையும் முதுகுப் பைக்குள் வைத்து மூடுங்கள். இன்னொருவர் ஜூலையில் போகலாமா என்று கேட்டிருந்தார். ஜூலை 26 அன்னம்மாள் திருவிழா. அதையொட்டிய நாள்களில் பெரும் கூட்டம். திருவிழாவுக்காகவே போகிறீர்கள் என்றால் தோட்டத்தை வேறு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.