மூன்று இளம் பிட்சர்களுக்கு ஓர் அவுட்ஃபீல்டர்: ட்ரேடை எடைபோடப் பழகுவது எப்படி?

பேஸ்பால் பார்க்கத் தொடங்கியவருக்கு ஸ்ட்ரைக், பால், அவுட் எல்லாம் ஒரு மாதத்தில் பிடிபட்டுவிடும். ஆட்டமே இல்லாத டிசம்பரில் ரசிகர்கள் விடிய விடிய எதைப் பேசுகிறார்கள் என்பதுதான் புரியாது. "நம்மிடம் இளம் பிட்சர்கள் நாலு பேர் இருக்கிறார்கள். இரண்டு பேரைக் கொடுத்து நல்ல அவுட்ஃபீல்டர் ஒருவரை வாங்கிவிடலாம்" என்பார் ஒருவர். "கொடுத்துப் பார், அந்தப் பையன் நாளைக்கு நம்மையே உருட்டி எடுப்பான்" என்று கொதிப்பார் இன்னொருவர். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கும். யார் பக்கம் கூடுதல் நியாயம் என்று கணக்குப் போடக் கற்றுக்கொண்டால் குளிர்காலமும் ஆட்டக் காலம் போலவே சுவையாக இருக்கும். பந்து வீசும் பிட்சரையோ, மைதானத்தின் வெளிப்பகுதியில் நின்று பந்து பிடிக்கும் அவுட்ஃபீல்டரையோ இப்படி அணிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்வதுதான் ட்ரேட். அந்தக் கணக்கைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லித்தருகிறேன்.

ஒரு நோட்டு எடுங்கள். பக்கத்தின் நடுவே கோடு போட்டு இரண்டு பத்தியாக்குங்கள். மேலே தேதி எழுதுங்கள். தேதி எதற்கு என்பது கடைசியில் தெரியும்.

பழகுவதற்கு நடந்து முடிந்த ஒரு ட்ரேடை எடுத்துக்கொள்வோம். 2016 டிசம்பர் 7. சிகாகோ ஒயிட் சாக்ஸ் தன் அவுட்ஃபீல்டர் ஆடம் ஈட்டனை வாஷிங்டன் நேஷனல்ஸுக்குக் கொடுத்தது. பதிலுக்கு நேஷனல்ஸ் கொடுத்தது மூன்று இளம் பிட்சர்களை: லூகாஸ் ஜியோலிட்டோ, ரேனால்டோ லோபஸ், டேன் டன்னிங். நேஷனல்ஸ் அள்ளிக் கொடுத்துவிட்டது என்றுதான் அன்று பலரும் சொன்னார்கள். சரிதானா என்று நாமே பார்ப்போம்.

படி 1: இரண்டு அணிகளும் எங்கே நிற்கின்றன?

ஆட்டக்காரர்களுக்கு முன்னால் அணிகளைப் பாருங்கள். 2016-ல் நேஷனல்ஸ் 95 ஆட்டங்களில் வென்று தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. பிளேஆஃபில் டாட்ஜர்ஸிடம் ஐந்தாவது ஆட்டத்தில் தோற்று வெளியேறியது. அணியின் பெரிய நட்சத்திரம் பிரைஸ் ஹார்ப்பர் 2018 முடிந்ததும் ஃப்ரீ ஏஜென்ட், அதாவது விரும்பிய அணிக்குப் போகக்கூடியவர், ஆகிவிடுவார். கோப்பையை வெல்ல வேண்டுமானால் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுக்குள் வென்றாக வேண்டிய அணி அது.

ஒயிட் சாக்ஸ் நேர் எதிர் நிலையில் இருந்தது. முந்தைய நாள்தான் தன் முதன்மை பிட்சர் கிறிஸ் சேலை பாஸ்டனுக்குக் கொடுத்துவிட்டு இளம் ஆட்டக்காரர்களை வாங்கியிருந்தது. அடிக்கல்லிலிருந்து அணியை மறுபடி கட்ட முடிவு செய்தவர்களுக்கு ஈட்டனின் நல்ல ஆண்டுகள் தோற்கும் ஆண்டுகளில் வீணாகும். அவசரம் உள்ளவரிடம் அவசரம் இல்லாதவர் விற்கிறார். ஒவ்வொரு அணியின் பெயருக்குக் கீழேயும் "எப்போது வெல்ல வேண்டும்?" என்று ஒரே ஒரு வரி எழுதினால் இந்தப் படி முடிந்தது.

படி 2: ஆண்டுகளை எண்ணுங்கள்

புதியவர்கள் தாண்டிப் போவதும் இந்தப் படியைத்தான், விவாதத்தில் தோற்பதும் இங்கேதான். ஐபிஎல் போல இங்கே ஏலம் கிடையாது. மேஜர் லீக் என்ற உச்ச நிலை லீக்கின் அணிப் பட்டியலில் 172 நாள் இருந்தால் ஓர் ஆண்டு சேவை. அப்படி 6 ஆண்டு சேர்ந்த பிறகே ஓர் ஆட்டக்காரர் விரும்பிய அணிக்குப் போக முடியும். அதில் முதல் மூன்று ஆண்டுகளுக்குப் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டித்தான் கிடைக்கும். 2017-ல் அது 5,35,000 டாலர். அதன்பின் ஆர்பிட்ரேஷன் என்ற முறையில் சம்பளம் ஆண்டுக்கு ஆண்டு ஏறும். ஆகவே ட்ரேடில் கைமாறுவது ஆள் மட்டுமல்ல, அவரிடம் மிச்சமிருக்கும் மலிவான ஆண்டுகளும்தான். அவற்றை நான் "கையிருப்பு ஆண்டு" என்று குறித்துக்கொள்வேன்.

ஈட்டன் 2015-லேயே நீண்ட ஒப்பந்தம் போட்டிருந்தார். 2017-க்கு 40 லட்சம் டாலர், 2018-க்கு 60 லட்சம், 2019-க்கு 84 லட்சம். அதன்பின் அணி விரும்பினால் மட்டும் 2020-க்கு 95 லட்சம், 2021-க்கு 1 கோடியே 5 லட்சம். மொத்தம் ஐந்து ஆண்டு, 3 கோடியே 84 லட்சம் டாலர். இது மலிவா? அதே வாரத்தில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் டெக்ஸ்டர் ஃபவுலர் என்ற அவுட்ஃபீல்டரைச் சந்தையிலிருந்து எடுத்தது. அவருக்கும் ஐந்து ஆண்டுதான், விலை 8 கோடியே 25 லட்சம் டாலர். ஈட்டனை வாங்கியதில் நேஷனல்ஸ் மிச்சம் பிடித்த பணத்தின் அளவு இதிலிருந்தே தெரியும். மூன்று பிட்சர்கள் போனதற்கு ஈடாக வந்த பொருளில் அந்தப் பணமும் சேர்த்தி. "ஈட்டன் என்ன பெரிய நட்சத்திரமா?" என்று கேட்டவர்கள் இதை எண்ண மறந்தார்கள்.

ஆண்டு குறைந்தால் கணக்கு எப்படித் தலைகீழாகும் என்பதற்கு அவுட்ஃபீல்டர் ஹுவான் சோட்டோ உதாரணம். 2023 டிசம்பரில் சான் டியேகோ பாட்ரேஸ் அவரை நியூயார்க் யாங்கீஸுக்குக் கொடுத்தபோது அவரிடம் மிச்சம் இருந்தது ஒரே ஆண்டு. அந்த ஓராண்டுக்கும் கூடவே வந்த ட்ரெண்ட் கிரிஷாமுக்கும் யாங்கீஸ் கொடுத்தது மைக்கேல் கிங், ட்ரூ தோர்ப், ரேண்டி வாஸ்கஸ், ஜோனி பிரிட்டோ என நான்கு பிட்சர்கள், ஒரு கேட்சர். சோட்டோ 41 ஹோம் ரன் அடித்து யாங்கீஸை உலகத் தொடர் என்ற இறுதித் தொடர் வரை கொண்டுபோனார். பிறகு 15 ஆண்டு, 76 கோடியே 50 லட்சம் டாலருக்கு நியூயார்க் மெட்ஸுக்குப் போய்விட்டார். யாங்கீஸ் செய்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். 2009-க்குப் பிறகு அதுவரை உலகத் தொடரையே பார்க்காத அணி அது.

படி 3: எந்த அவுட்ஃபீல்ட்?

"அவுட்ஃபீல்டர்" என்று மட்டும் எழுதினால் போதாது. நடுவே நிற்கும் சென்டர் ஃபீல்டருக்கு ஓட வேண்டிய பரப்பு அதிகம், அதனால் அந்த வேலைக்கு ஆள் கிடைப்பது அரிது. ஓரங்களில் நிற்பவர் மட்டையால் நிறையச் சம்பாதித்தால்தான் இடத்துக்குத் தகும். ஈட்டன் 2016-ல் ரைட் ஃபீல்டில் அபாரமாகப் பந்து பிடித்தவர், சென்டரிலும் ஆடிப் பழகியவர். நேஷனல்ஸில் அப்போது சென்டரில் நின்றவர் ட்ரே டர்னர். அவருடைய சொந்த இடம் இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே உள்ள ஷார்ட்ஸ்டாப். ஈட்டன் வந்ததும் டர்னர் ஷார்ட்ஸ்டாப்புக்குத் திரும்பினார். ஓர் ஆளை வாங்கி இரண்டு ஓட்டைகளை அடைத்தார்கள். இப்படி ஒன்று கண்ணில் பட்டால் நோட்டில் அடிக்கோடு போடுங்கள். அணி ஏன் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தது என்பதற்கு விடை பல நேரம் அதில்தான் இருக்கும்.

படி 4: இளம் பிட்சர்களை எடைபோடுவது

அமெரிக்க ரசிகர்கள் நடுவே பழைய வாசகம் ஒன்று உண்டு: "பிட்சிங் பிராஸ்பெக்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது." நாளைக்கு நட்சத்திரமாவார் என்று நம்பி வளர்க்கும் இளம் பிட்சர், நாளைக்குப் பந்து வீசுவாரா என்பதற்கே உத்தரவாதம் இல்லை என்பது பொருள். மிகைதான். ஆனால் அதில் உள்ள பயம் உண்மையானது.

ஒவ்வொரு பிட்சரின் பெயருக்கு நேரேயும் நான்கு கேள்வி கேளுங்கள். முதலாவது முழங்கை. மணிக்கு 95 மைலுக்கு மேல் வீசும்போது முழங்கையின் உள்பக்க லிகமென்ட், அதாவது எலும்புகளை இணைக்கும் நார், ஒவ்வொரு பந்துக்கும் இழுபடுகிறது. அது கிழிந்தால் டாமி ஜான் அறுவை சிகிச்சை. 1974-ல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலில் செய்ததால் அந்தப் பெயர். செய்தால் ஓராண்டுக்கு மேல் வீட்டில்தான். ஜியோலிட்டோவுக்கு 2012-லேயே, அணிகள் முறைவைத்துப் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 16-வது ஆளாக எடுக்கப்பட்ட அதே ஆண்டில், அது நடந்துவிட்டது.

இரண்டாவது, எத்தனை வகைப் பந்து? வேகப்பந்தும் ஒரு வளைபந்தும் மட்டும் இருப்பவரை ஒரே ஆட்டத்தில் மூன்றாவது தடவை பார்க்கும்போது அடிப்பவர்கள் பழகிவிடுவார்கள். நம்பக்கூடிய மூன்றாவது பந்து, பெரும்பாலும் வேகம் குறைத்து ஏமாற்றும் சேஞ்சப், இருந்தால்தான் ஆட்டத்தைத் தொடங்கி நீண்ட நேரம் வீசும் ஸ்டார்ட்டர். இல்லாவிட்டால் புல்பென், அதாவது இடையில் வந்து கொஞ்ச நேரம் மட்டும் வீசும் ரிலீவர்கள் கூட்டம். ஸ்டார்ட்டர் ஆண்டுக்கு 170 இன்னிங்ஸ் தருவார் என்றால் ரிலீவர் 60, 70 தருவார். விலையும் அதற்கேற்ப இறங்கும். லோபஸைப் பற்றி அன்றே எழுந்த கேள்வி இதுதான்.

மூன்றாவது, குறி. திறமையைத் தேடி மதிப்பிடும் ஸ்கவுட்டுகள் 20 முதல் 80 வரை மதிப்பெண் போடுவார்கள், 50 என்றால் மேஜர் லீக் சராசரி. வேகத்துக்கு 70 வாங்கியவர் கட்டுப்பாட்டுக்கு 40 வாங்கியிருந்தால் அந்த 40-ஐப் பாருங்கள். நான்காவது, எவ்வளவு தூரம் வந்துவிட்டார்? ஜியோலிட்டோவும் லோபஸும் 2016-ல் மேஜர் லீக்கைத் தொட்டுவிட்டார்கள். ஜியோலிட்டோ வீசிய 21 இன்னிங்ஸில் அவர் ஈஆர்ஏ 6.75, அதாவது ஃபீல்டிங் பிழைகளால் வந்த ரன் நீங்கலாக, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 6.75 ரன் விட்டுக்கொடுத்தார். டன்னிங் அந்த ஆண்டு டிராஃப்டில் 29-வதாக எடுக்கப்பட்டவர், வரவே சில ஆண்டு ஆகும்.

இப்போது கழிவு, அதாவது பலிக்காமல் போகக்கூடியதைக் கழித்துப் பார்ப்பது. மூன்று பேர், ஆளுக்கு 6 ஆண்டு, காகிதத்தில் கிட்டத்தட்ட 18 கையிருப்பு ஆண்டுகள். ஈட்டனின் 5-க்கு எதிரே 18 என்றால் யாரும் ஒயிட் சாக்ஸ் பக்கம் கை தூக்குவார்கள். என் கைக்கணக்கு இது: மூவரில் ஒருவர் நல்ல ஸ்டார்ட்டர், ஒருவர் புல்பென், ஒருவர் காயம். யார் எது என்று யாருக்கும் தெரியாது. அதனால் 18-ஐ 6 நல்ல ஆண்டாக எழுதுகிறேன். அப்போது 5-ம் 6-ம் எதிரெதிரே நிற்கின்றன, விவாதம் உயிர்பெறுகிறது.

யார் எது என்று தெரியாது என்றேன் அல்லவா, அதற்கு மார்செல் ஒசூனா ட்ரேடைப் பாருங்கள். 2017-ல் 37 ஹோம் ரன் அடித்த அந்த அவுட்ஃபீல்டரை மயாமி மார்லின்ஸ் அதே டிசம்பரில் கார்டினல்ஸுக்குக் கொடுத்தது. வந்த நால்வரில் மூவர் பிட்சர்கள். சாண்டி அல்கான்டாரா 2022-ல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை ஒருமனதாக வென்றார். அதிகம் பேசப்படாமல் வந்த ஜாக் கேலன் பின்னாளில் அரிசோனாவின் முதன்மை பிட்சரானார். நட்சத்திரங்கள் மட்டும் ஆடும் 2023 ஆல்ஸ்டார் ஆட்டத்தில் தன் பக்கத்துக்கு முதலில் பந்து வீசியவர் அவர்தான். ஆனால் அதற்குள் மார்லின்ஸ் அவரையும் 2019-ல் ட்ரேட் செய்திருந்தது. பட்டியலில் மூன்றாவதாக வரும் பெயரை அசட்டையாகத் தாண்டாதீர்கள்.

படி 5: எதிர் நாற்காலியில் உட்காருங்கள்

உங்கள் அணிக்காக ஒரு ட்ரேடைக் கற்பனை செய்தால், அதை எதிர் அணியின் ரசிகராகப் படித்துப் பாருங்கள். "எங்களுக்கு வேண்டாத மூன்று பேர், உங்கள் சிறந்த ஒருவர்" என்ற யோசனையை எந்த அணியும் ஏற்காது. மூன்று பேர் வந்தால் அணி வைத்திருக்கும் 40 பேர் பட்டியலில் அவர்களுக்கு இடம் வேண்டும், வேறு யாரையாவது விட வேண்டியிருக்கும். கொடுக்கும்போது உங்களுக்கு வயிறு கொஞ்சமாவது எரிய வேண்டும். எரியவில்லை என்றால் எதிர் அணி போனை வைத்துவிடும்.

படி 6: தீர்ப்பு எழுதுங்கள், பிறகு மூடி வையுங்கள்

இரண்டே வரி எழுதுங்கள்: இந்தத் தேதியில், தெரிந்ததை வைத்து, நான் எந்தப் பக்கம், ஏன். பின்னால் நடப்பதைப் பார்த்து அதை அழிக்காதீர்கள். ஈட்டன் ட்ரேடுக்கு என் வரி: "நேஷனல்ஸ் கொடுத்தது அதிகம். ஆனால் கொடுக்கலாம்."

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். 2017 ஏப்ரல் 28, மெட்ஸுக்கு எதிரான ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ். சாதாரணத் தரைப்பந்து ஒன்றை அடித்துவிட்டு ஈட்டன் முதல் பேஸுக்கு உயிரைக் கொடுத்து ஓடுகிறார். இடது கால் பேஸின் மேல் கோணலாக விழுகிறது. அப்படியே சரிந்து முழங்காலைப் பிடித்துக்கொள்கிறார். லிகமென்ட் கிழிந்து, 23 ஆட்டங்களோடு அந்த ஆண்டு முடிந்தது. கழிவு பிட்சர்களுக்கு மட்டும் உரியது என்று எழுதியிருந்த நான் அன்று ஈட்டன் பத்தியிலும் ஒரு கழிவுக் கோடு போட்டேன்.

ஆனால் எதிர்ப் பக்கமும் சிரிக்கவில்லை. 2018-ல் ஜியோலிட்டோவின் ஈஆர்ஏ 6.13. அந்தக் குளிர்காலத்தில் அவர் கையைப் பின்னால் நீளமாகச் சுழற்றும் பழக்கத்தை விட்டுக் குறுக்கினார். 2019-ல் ஈஆர்ஏ 3.41, 228 ஸ்ட்ரைக்அவுட், ஆல்ஸ்டார். 2020 ஆகஸ்டில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸுக்கு எதிராக நோ ஹிட்டர், அதாவது ஒரு ஹிட் கூட விட்டுக்கொடுக்காத ஆட்டம். டன்னிங்குக்கு 2019-ல் டாமி ஜான். லோபஸ் புல்பெனுக்குப் போய், பல ஆண்டு கழித்து 2024-ல் அட்லாண்டாவில் மறுபடி ஸ்டார்ட்டராகி ஆல்ஸ்டார் ஆனார்.

ஜியோலிட்டோ மலர்ந்த அதே 2019-ல் ஈட்டன் 151 ஆட்டம் ஆடினார். ஹூஸ்டனுக்கு எதிரான உலகத் தொடரில் இரண்டு ஹோம் ரன் அடித்தார். நேஷனல்ஸ் கோப்பையை வென்றது.

பக்கத்தை அதோடு முடிக்காதீர்கள், அது நீளும். 2020 டிசம்பரில் ஒயிட் சாக்ஸ் டன்னிங்கை டெக்சஸுக்குக் கொடுத்து லான்ஸ் லின் என்ற மூத்த பிட்சரை வாங்கியது. டன்னிங் பெயரிலிருந்து ஓர் அம்புக்குறி இழுத்து லின் என்று எழுதினேன். அந்த மாதமே ஒயிட் சாக்ஸுக்கு ரைட் ஃபீல்டில் ஆள் வேண்டியிருந்தது. 2021-க்கான விருப்ப ஆண்டை நேஷனல்ஸ் எடுக்காமல் விட்டதால் ஃப்ரீ ஏஜென்டாக இருந்த ஒருவரை ஓராண்டுக்கு எடுத்தார்கள். ஆடம் ஈட்டன்! என் நோட்டில் அவர் பெயர் இப்போது இரண்டு பத்தியிலும் இருக்கிறது.