மாருதி 800-ல் ஸ்பார்க் பிளக்கும் ஒயரும் மாற்றுவது எப்படி?

டிஸ்ட்ரிபியூட்டர் (காயிலில் இருந்து வரும் மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் முறையாகப் பிரித்து அனுப்பும் பாகம்) வைத்த பழைய மாருதி 800-க்கான செய்முறை இது. ஐடிலில் வண்டி மிஸ் அடிக்கிறது, காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது பிளக்கும் ஒயரும்தான்.

இன்ஜின் முழுக்க ஆறட்டும். ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் பிரிப்பது நல்லது. சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூட்டோடு கழற்றினால் பிளக்கோடு மரையும் வந்துவிடும். பிறகு லேத்துக்குத்தான் போக வேண்டும்.

தேவையானவை: மேனுவலில் சொன்ன எண்ணுள்ள 3 பிளக், 4 ஒயர் கொண்ட செட் (பிளக்குக்கு 3, காயிலுக்கு 1), உள்ளே ரப்பர் வைத்த பிளக் சாக்கெட், எக்ஸ்டென்ஷன், ராட்செட், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்).

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். ஒரு சிலிண்டரை முழுதாக முடித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை, 1-3-2. மூன்று ஒயரையும் ஒன்றாகப் பிடுங்கிவிட்டு இடம் மாற்றிச் செருகினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது, அல்லது சைலன்சரில் வெடிக்கும்.

ஒயரை இழுக்காதீர்கள். நுனியில் உள்ள ரப்பர் மூடியைப் பிடித்து, லேசாகத் திருகி எடுங்கள். பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைக் காற்றடித்து ஊதிவிட்டுக் கழற்றுங்கள். இல்லையென்றால் அது நேரே சிலிண்டருக்குள் விழும்.

பழைய பிளக்கைத் தூக்கிப் போடாமல் முனையைப் பாருங்கள். வெளிர் பழுப்பு என்றால் எரிதல் சரி. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. ஆயில் ஈரம் தெரிந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். அதைப் புதுப் பிளக் சரிசெய்யாது. வெள்ளையாகக் கொப்புளித்திருந்தால் இன்ஜின் அதிகம் சூடாகிறது.

புதுப் பிளக்கின் இடைவெளியை அளந்தே போடுங்கள். கார்புரேட்டர் வண்டிக்கு 0.7–0.8 மி.மீ. கூடக்குறைய இருந்தால் பக்கவாட்டு முனையை மட்டும் மெதுவாக வளையுங்கள். நடு முனையைத் தொடாதீர்கள்.

இனிதான் கவனம் வேண்டிய இடம். பிளக்கின் தலையில் ஒரு சாண் பழைய பெட்ரோல் ட்யூபைச் செருகி, அதை விரலால் சுற்றி உள்ளே இறக்குங்கள். மரை கோணலாகப் பிடித்தால் ட்யூப் வழுக்கிச் சுற்றும், ஹெட் தப்பிக்கும். கையாலேயே அடிவரை போன பிறகு சாக்கெட்டால் அரைச் சுற்று, மிஞ்சினால் முக்கால் சுற்றுக்குள். வாஷர் நசுங்கும் மெத்தென்ற உணர்வு வந்து, சட்டென்று இறுகும், அங்கே நிறுத்துங்கள். மரையில் கிரீஸ் தடவினால் தெரியாமலே ஓவர் டைட் ஆகிவிடும்.

புது ஒயரைப் பழையதோடு நீளம் ஒத்துப் பார்த்து, இரு முனையிலும் ‘க்ளிக்’ சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். கிளிப்புகளில் மாட்டி, சைலன்சர் பக்கம் உரசாமல் ஒதுக்குங்கள்.

நெகட்டிவை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். இருட்டிய பின் பானெட்டைத் திறந்து, இன்ஜின் ஓடும்போது ஒயர்களைத் தொடாமல் பாருங்கள். எங்காவது நீலப் பொறி தாவினால் அந்த ஒயர் கசிகிறது. புதியதானாலும் மாற்றி வாங்குங்கள்.