எப்போது ஊரைக் கூட்டுவது, எப்போது வாயைக் கட்டுவது?

1984 நவம்பரில் சூடானின் கர்த்தூமிலிருந்து விமானங்கள் இரவில் ரகசியமாகக் கிளம்பின. வாரக்கணக்கில் நடந்து எல்லை தாண்டி, அகதி முகாம்களில் காத்துக் கிடந்த எத்தியோப்பிய யூதர்கள் அவற்றில் ஏறினார்கள். ஏழு வாரங்களில் ஏறத்தாழ 8,000 பேர் இஸ்ரேல் போய்ச் சேர்ந்தார்கள். சூடான் அரபு லீக்கில் இருக்கும் நாடு. அதிபர் நிமெய்ரி கண்டும் காணாமல் இருந்ததே பெரிய உதவி. ஜனவரி தொடக்கத்தில் செய்தி கசிந்தது, இஸ்ரேலியப் பிரதமர் பெரெஸும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். உடனே சூடான் கதவைச் சாத்தியது. நூற்றுக்கணக்கானோர் முகாமிலேயே சிக்கிக்கொண்டார்கள்.

ஒடுக்கப்படும் சிறுபான்மைக்காக அரசிடம் முறையிடுபவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். கதவைத் திறக்க வேண்டியவருக்கு விளம்பரம் விஷமா, மருந்தா என்று பார்ப்பதில்லை. மிச்சமிருந்தவர்களுக்காக அமெரிக்க செனட்டர்கள் நூறு பேரும் அதிபர் ரீகனுக்கு ரகசியமாகக் கடிதம் எழுதினார்கள். மார்ச்சில் துணை அதிபர் புஷ் கர்த்தூம் சென்று நிமெய்ரியிடம் பேசினார். அதே மாதம் ஹெர்குலிஸ் விமானங்கள் சுமார் 500 பேரை ஏற்றிச் சென்றன.

இதைப் படித்துவிட்டு எங்கும் கிசுகிசுத்தால் போதும் என்று நினைத்தால் அதுவும் தவறு. தன் யூதர்களை வெளியேற விடாமல் தடுத்த சோவியத் ஒன்றியம் உலகில் தன் பெயர் கெடுவதற்கு அஞ்சியது. நாட்டைவிட்டுத் தப்பிக்க விமானம் கடத்த முயன்றதாக 1970 டிசம்பரில் லெனின்கிராடில் இருவருக்கு மரண தண்டனை விதித்தார்கள். உலகமே கொதித்தது. ஒரே வாரத்தில் அது சிறைத்தண்டனையாகக் குறைந்தது.

கூச்சல் வேறு, வெடி வேறு. 1972இல் சோவியத் யூதர்களுக்கு ஆதரவு என்ற பெயரில், சோவியத் கலைஞர்களை அமெரிக்காவுக்கு அழைத்துவந்த ஒருவரின் நியூயார்க் அலுவலகத்தில் தீக்குண்டு வெடித்தது. செத்தது அங்கே வேலை பார்த்த ஒரு யூதப் பெண். மாஸ்கோவின் பிரசாரத்துக்கு அதைவிட நல்ல பரிசு எது?

மனுவில் 'உரிய நடவடிக்கை எடுக்கவும்' என்று முடிப்பதைப் போல் வீண் வேலை வேறில்லை. அதிகாரி கோப்பில் சேர்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். ஆளின் பெயர், ஊர், விசா மறுக்கப்பட்ட தேதி, யாரிடம் எதைப் பேச வேண்டும் என்பது: இவை இருந்தால்தான் அமைச்சர் அடுத்த சந்திப்புக்கு அதைக் கையில் எடுத்துப் போவார். இன்னொன்று, எத்தியோப்பிய யூதர்களை 'ஃபலாஷா' என்று எழுதாதீர்கள். அது பிறர் வைத்த இழிபெயர். அவர்கள் தங்களை பேட்டா இஸ்ரேல் என்கிறார்கள்.

அழுத்தம் கொடுப்பவர்கள் அதை எப்போது தளர்த்துவது என்று யோசிப்பதே இல்லை. மக்களை வெளியேற விடாத நாட்டுக்கு வணிகச் சலுகை இல்லை என்ற ஜாக்சன்-வானிக் திருத்தம் 1975 ஜனவரியில் அமெரிக்காவில் சட்டமானது. மாஸ்கோ முறுக்கிக்கொண்டு வணிக ஒப்பந்தத்தையே உதறியது. 1973இல் சுமார் 35,000 சோவியத் யூதர்கள் வெளியேறியிருந்தார்கள். 1975இல் அது 13,000 அளவுக்குச் சரிந்தது. அந்தச் சட்டத்தால் பயனே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சோவியத் ஒன்றியம் கலைந்து, யூதர்கள் தடையின்றி வெளியேறத் தொடங்கிய பிறகும் ரஷ்யாவின் மீது அது நீடித்தது. நீக்கியது 2012இல்.