நாலு பேர் சேர்ந்து சிந்துவெளியை ஸ்கூலுக்கு எடுத்துட்டு போறது எப்படி

நாங்க இருக்கிறது அகமதாபாத், மணிநகர் பக்கம். ஏழு பேர், அதுல நாலு தமிழ், மூணு குஜராத்தி, எல்லாரும் வேலைக்கு போறவங்கதான், ஒருத்தரும் தொல்லியல் படிச்சதில்ல. ஒரு ஞாயித்துக்கிழமை இங்க பக்கத்துல இருக்கிற சிந்துவெளி காலத்து ஊர் லோத்தல் போயிட்டு திரும்பி வர்ற வண்டியில பேசி ஆரம்பிச்ச விஷயம் இது, இப்போ மாசத்துக்கு ஒரு ஸ்கூலாவது போய் சிந்துவெளியை பசங்களுக்கு காட்டிடுறோம். ஊர்ல இருக்கிற ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு மூணு பேர் நாங்களும் பண்ணணும், எப்படி ஆரம்பிக்கிறதுன்னு கேட்டுட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் போட்டு தொண்டை வத்திப்போச்சு, அதான் மொத்தமா ஒரே இடத்துல எழுதிடுறேன்.

முதல்ல ஆளுங்க. அஞ்சு பேர் போதும். டிரஸ்ட் ரிஜிஸ்டர் பண்றது, லோகோ, டிஷர்ட் எல்லாம் இப்போ வேண்டாம், நாங்க பேர் வைக்கிறதுக்கே ரெண்டு மாசம் சண்டை போட்டு அந்த ரெண்டு மாசத்துல ஒரு ஸ்கூலுக்கும் போகல. பேச ஒருத்தர், சாமான் பாத்துக்க ஒருத்தர், ஸ்கூலுக்கு போன் பண்ண ஒருத்தர், மீதி பேர் பசங்க நடுவுல உக்காந்து உதவி பண்றவங்க, இந்த கடைசி ஆளுங்கதான் ரொம்ப முக்கியம், நாப்பது பசங்க கையில களிமண் கொடுத்தா என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க. காசு விஷயத்துக்கு ஒரு நோட்டு போட்டுடுங்க, நூறு ரூபா செலவா இருந்தாலும் எழுதணும். வாட்ஸ்அப் குரூப்ல ஃபார்வர்ட் கூடாதுன்னு முதல் நாளே ரூல் போடுங்க. "ஹரப்பா எழுத்து படிச்சாச்சு"ன்னு வாரத்துக்கு ஒன்னு வரும், அதுல பாதி பொய், மீதி பாதி அரைகுறை.

ஸ்கூல்ல பர்மிஷன் கேக்குறதுக்கு சரியான நேரம் ஆறாம் வகுப்புல சிந்துவெளி பாடம் நடக்கிற சமயம். டீச்சருக்கும் அப்பதான் நம்ம மேல ஆசை வரும். பரீட்சை மாசத்துல போய் நிக்காதீங்க.

இப்போ விஷயத்துக்கு வரேன். எங்க முதல் செஷன் படு தோல்வி. அறுபது ஸ்லைடு, ப்ரொஜக்டர், நானே பேசுறேன், பின் பெஞ்சுல பாதி பேர் தூங்கிட்டாங்க, ஒரு பையன் மட்டும் கடைசியில எழுந்து "அந்த டான்சிங் கேர்ள் சிலை எங்க ஸ்கூல் கேட் உயரம் இருக்குமா"ன்னு கேட்டான். அப்பதான் எனக்கு உறைச்சது. ஸ்க்ரீன்ல எல்லாமே பெருசா தெரியுது, மொஹஞ்சதாரோல 1926ல கிடைச்ச அந்த வெண்கல பொண்ணு மொத்தமே 10.5 சென்டிமீட்டர், நம்ம கையில இருக்கிற போனை விட குட்டி. முத்திரைங்க பெரும்பாலும் ரெண்டரை சென்டிமீட்டர் பக்கம், ஒரு தபால் தலை அளவு. அன்னைக்கோட ஸ்லைடை தூக்கி போட்டுட்டோம். எல்லா படத்தையும் நிஜ சைஸ்ல பிரிண்ட் எடுங்க, வெட்டி அட்டையில ஒட்டுங்க, பசங்க கையில கொடுங்க. இவ்ளோ சின்னதுல எப்படிண்ணா மாடு செதுக்கினாங்கன்னு அவங்களே கேப்பாங்க, நீங்க பேச வேண்டிய வேலையே பாதி குறைஞ்சிடும்.

பெருசா இருக்கிறதை பெருசாவே காட்டணும். மொஹஞ்சதாரோ பெருங்குளம் சுமார் 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், ஆழம் 2.4 மீட்டர் கிட்ட. கோலமாவு எடுத்து கிரவுண்டுல அதே அளவுக்கு கோடு போட்டு உள்ள நிக்க வைங்க, உயரத்துக்கு ஒரு கம்புல துணி கட்டி காட்டுங்க. தண்ணி நிறைஞ்சா ஹெட்மாஸ்டரே முழுகிடுவார்னு ஒருத்தன் சொன்னான், கிரவுண்டே சிரிச்சது.

முத்திரை செய்யுறதுக்கு குளிக்கிற சோப்பு வாங்குங்க. நிஜ முத்திரை மாக்கல்லுல செதுக்கி சூளையில சுட்டது, பசங்களுக்கு அந்த மென்மை சோப்புல கிடைக்கும். துணி துவைக்கிற பார் சோப்பு சீப்பா கிடைக்குதேன்னு வாங்காதீங்க, செதுக்கும்போது பொடிப்பொடியா உதிரும். வெள்ளை சோப்பை நாலா வெட்டி ஆளுக்கு ஒரு துண்டு, கூடவே பல்குத்துற குச்சி. பிளேடு, காம்பஸ் வேண்டவே வேண்டாம். அவங்கவங்க பேர்ல முதல் எழுத்தை மட்டும் செதுக்க சொல்லுங்க, எப்படி செதுக்கணும்னு மட்டும் சொல்லிடாதீங்க, இதுதான் இந்த விளையாட்டோட உயிரே. நேரா செதுக்குவாங்க, களிமண்ணுல அழுத்துவாங்க, எழுத்து கண்ணாடியில பாக்கிற மாதிரி இடம் வலம் திரும்பி விழும், ஐயோன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க. அப்போ சொல்லுங்க, அந்த காலத்து ஆசாரியும் எல்லாத்தையும் திருப்பித்தான் செதுக்கியிருக்கான், நாம பாக்க வேண்டியது கல்லை இல்ல, களிமண்ணுல விழுந்த பதிவைன்னு. சிந்துவெளி எழுத்து பெரும்பாலும் வலப்பக்கத்துல இருந்து இடப்பக்கம் போகுதுன்னு எப்படி கண்டுபிடிச்சாங்கன்னும் இதுலயே காட்டலாம். நாம நோட்டுல வரி முடியிற இடத்துல எழுத்தை நெருக்கி நெருக்கி எழுதுவோம்ல, அதே மாதிரி பதிவுல இடது ஓரத்துல குறிங்க நெருங்கி கிடக்குது, இடம் பத்தல அவங்களுக்கு. 4,000 வருஷத்துக்கு முன்னாடியும் மனுஷன் கடைசியில நெருக்கித்தான் எழுதியிருக்கான்னு சொன்னா பசங்க முகத்துல ஒரு சந்தோஷம் வரும், ஏன்னா அவங்களும் அதுக்குத்தான் திட்டு வாங்குறாங்க.

அடுத்து எடைக்கல். சிந்துவெளி எடைக்கல்லு செர்ட்னு ஒரு கெட்டி கல்லுல சதுரமா வழவழப்பா இருக்கும், ஒன்னு, ரெண்டு, நாலு, எட்டு, பதினாறுன்னு இரட்டிச்சுட்டே போகும், பதினாறு பங்கு கல்லு 13.7 கிராம் கிட்ட வரும். ஹரப்பால எடுத்தாலும் லோத்தல்ல எடுத்தாலும் அதே கணக்குதான். நிஜ அளவுல செஞ்சா முதல் கல்லு ஒரு கிராம் கூட தேறாது, அதனால நாங்க அஞ்சு கிராம்ல ஆரம்பிச்சு 5, 10, 20, 40, 80ன்னு அஞ்சு கல்லு செய்யுறோம். இதுல நான் பண்ண முட்டாள்தனத்தையும் சொல்லிடுறேன். ஈர களிமண்ணை டிஜிட்டல் தராசுல வச்சு கரெக்டா எடை போட்டு உருட்டி வச்சேன், காஞ்சதும் தண்ணி போயி எல்லா கல்லும் இளைச்சிடுச்சு, செஷன்ல தராசு எந்த பக்கமும் நிக்கல, மானம் போச்சு. கொஞ்சம் பெருசா செஞ்சு, நல்லா காய விட்டு, அப்புறம் உப்புத்தாள்ல தேய்ச்சு தேய்ச்சு எடைக்கு கொண்டு வாங்க. இந்த அஞ்சு கல்லை வச்சு 5ல இருந்து 155 கிராம் வரைக்கும் அஞ்சஞ்சா எந்த எடையும் போடலாம், எப்படின்னு பசங்களையே கண்டுபிடிக்க விடுங்க. கம்ப்யூட்டருக்குள்ள ஓடுறதும் இதே இரட்டிப்பு கணக்குதான்னு சொல்லலாம், ஆனா "நம்ம முன்னோர் கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சாங்க"ன்னு யாராவது ஆரம்பிச்சா அங்கேயே நிறுத்துங்க.

செங்கல்லுக்கு பெரிய வேலை இல்ல. உயரம், அகலம், நீளம் 1:2:4, வீட்டு செங்கல்லு 7, 14, 28 சென்டிமீட்டர் மாதிரி, அட்டைப்பெட்டியில ஒன்னு செஞ்சு எடுத்துட்டு போங்க, அவங்க தெருவுல கட்டட வேலை நடக்கிற இடத்துல செங்கல் அளந்துட்டு வர சொல்லுங்க. கூடவே இந்த கதையை மறக்காம சொல்லுங்க. 19ம் நூற்றாண்டு நடுவுல லாகூர் முல்தான் ரயில் பாதை போட்டப்போ தண்டவாளத்துக்கு அடியில கொட்ட ஜல்லி வேணும்னு ஹரப்பா மேட்டுல இருந்து சுட்ட செங்கல்லை வண்டி வண்டியா அள்ளிட்டு போயிட்டாங்க, சுமார் 160 கிலோமீட்டர் பாதைக்கு அது போதுமா இருந்ததுன்னு அப்போ தொல்லியல் துறையை நடத்தின கன்னிங்காம் எழுதி வச்சிருக்கார். என்னன்னு தெரியாம அள்ளினாங்க. அங்க தொல்லியல் துறையோட தயாராம் சாஹ்னி தோண்ட ஆரம்பிச்சதே 1921ல, துறைத் தலைவர் ஜான் மார்ஷல் இந்த நாகரிகத்தை உலகத்துக்கு அறிவிச்சது 1924 செப்டம்பர் 20. எங்க வருஷாந்திர நிகழ்ச்சியை அந்த செப்டம்பர் 20லதான் வைக்கிறோம், நீங்களும் வைங்க.

எனக்கு ரொம்ப பிடிச்சது பேர் மறைக்கிற ஆட்டம். படத்தை மட்டும் கொடுங்க, பேர் சொல்லாதீங்க, என்ன தெரியுதுன்னு கேளுங்க. மொஹஞ்சதாரோல கிடைச்ச "பூசாரி அரசன்" சிலையை பாத்து ஒரு பொண்ணு, மூணு இலை டிசைன் போட்ட சால்வை போத்திட்டு கண்ணை பாதி மூடின தாத்தான்னு சொன்னா. அதுதான் சரியான பதில். அவர் பூசாரிங்கிறதுக்கும் ஆதாரம் இல்ல, அரசன்ங்கிறதுக்கும் இல்ல, தோண்டினவங்க வச்ச பேரு. ஒரு கையை இடுப்புல வச்சு, இன்னொரு கை பூரா வளையல் போட்டு நிக்கிற பொண்ணு டான்ஸ் ஆடுறவங்கிறதும் அப்படித்தான். அந்த பொண்ணு இப்போ டெல்லி நேஷனல் மியூசியத்துல, தாத்தா கராச்சியில. பிரிவினையில ஒரு கழுத்துமாலையையே பிரிச்சு மணிகளை ரெண்டு நாட்டுக்கும் பங்கு போட்டிருக்காங்கன்னு சொன்னா கிளாஸ் கொஞ்ச நேரம் அமைதியாயிடும்.

கேள்வி நேரம்தான் கத்தி மேல நடக்கிற இடம். தமிழ் பசங்க இருந்தா "அது தமிழ்தானே"ன்னு வரும், இங்க குஜராத்தி கிளாஸ்ல "அது சமஸ்கிருதம்தானே"ன்னு வரும், சில சமயம் டீச்சரே கேப்பாங்க. ரெண்டுக்கும் ஒரே பதில் வைங்க, எல்லாரும் ஒத்துக்கிட்ட மாதிரி இன்னும் யாரும் படிக்கல. சும்மா தெரியாதுன்னு விடாம ஏன் தெரியலன்னு சொல்லுங்க. ஒரு முத்திரையில சராசரியா அஞ்சு குறிதான் இருக்கு, ரெண்டு மொழியில எழுதின கல்வெட்டு ஒன்னு கூட கிடைக்கல. திராவிட மொழியா இருக்கலாம்னு ஹீராஸ் பாதிரியார், அஸ்கோ பர்போலா, நம்ம ஐராவதம் மகாதேவன்னு இந்த எழுத்தை ஆராய்ஞ்ச பெரிய ஆளுங்க வாதம் வச்சிருக்காங்க, மீன் குறிக்கு தமிழ்ல மீன்னா விண்மீனும்தான்ங்கிற அந்த அழகான யோசனை அதுல ஒன்னு. 2004ல மூணு ஆராய்ச்சியாளர்கள் இது எழுத்தே இல்லன்னும் எழுதினாங்க. எனக்கு மனசு எந்த பக்கம்னு உங்களுக்கே தெரியும், ஆனா கிளாஸ்ல மனசை வீட்டுல வச்சுட்டுதான் போறேன். தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில இதை படிச்சு சொல்றவங்களுக்கு பத்து லட்சம் டாலர் பரிசு அறிவிச்சதை சொல்லி முடிச்சா பசங்க அப்படியே பென்சில் எடுத்துடுவாங்க.

கீழடியும் வரும். சந்தோஷமா பேசுங்க, ஆனா காலத்தை விழுங்காதீங்க, சிந்துவெளி நகரங்க செழிப்பா இருந்தது கி.மு. 2600ல இருந்து 1900 வரைக்கும், கீழடிக்கு மாநில தொல்லியல் துறை சொல்ற தேதி கி.மு. 6ம் நூற்றாண்டு, நடுவுல ஆயிரம் வருஷத்துக்கு மேல கிடக்கு. ஒரு கயிறு கட்டி நூறு வருஷத்துக்கு ஒரு முடிச்சு போட்டு காட்டினா அவங்களுக்கே புரியும்.

கடைசியா டிரிப். குஜராத்ல இருக்கிறவங்களுக்கு லோத்தல் வரம், அகமதாபாத்ல இருந்து 80 கிலோமீட்டர் கிட்ட, பகோதரா பக்கம் போற ஹைவேல போய் பிரியணும். நவம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள போங்க, நிழல் சுத்தமா கிடையாது, காலையில ஆறு மணிக்கு கிளம்பிடணும், தண்ணியும் சாப்பாடும் கட்டிக்கிட்டு போங்க. வெள்ளிக்கிழமை மியூசியம் லீவு, இது தெரியாம ஒரு தடவை முப்பது பேரை கூட்டிட்டு போய் கேட்டை பாத்துட்டு வந்தோம். தொல்லியலாளர் எஸ்.ஆர். ராவ் 1955ல தோண்ட ஆரம்பிச்ச இடம், அந்த சுட்ட செங்கல் கட்டின தொட்டி 200 மீட்டருக்கு மேல நீளம், ஃபுட்பால் கிரவுண்டு ரெண்டோட நீளம் வரும். ராவ் அதை கப்பல் துறைன்னார், இல்ல பாசன குளம்னு சொன்னவங்களும் உண்டு, 2024ல ஐஐடி காந்திநகர் ஆளுங்க சாட்டிலைட் படம் வச்சு சபர்மதி ஆறு அப்போ லோத்தலை ஒட்டி ஓடினதா காட்டி ராவ் பக்கம் பலம் சேர்த்திருக்காங்க. கரையில உக்கார வச்சு பசங்களை ரெண்டு கட்சியா பிரிச்சு வாதாட விடுங்க, நாம வாயே திறக்க வேண்டாம். மணி செஞ்ச பட்டறையை காட்டும்போது சூதுபவளம்ங்கிற செந்நிற கல்லை பத்தி சொல்லுங்க, குஜராத்லயே இருக்கிற கம்பாத் ஊர்ல இன்னைக்கும் அந்த கல்லை சுட்டு தேய்ச்சு மணி பண்றாங்க, முடிஞ்சா ஒரு மணி வாங்கி பாக்கெட்ல வச்சுக்கோங்க, வெயில்ல பிடிச்சா நெருப்பு மாதிரி தெரியும்.

ஒரே ஒரு கண்டிப்பு, தரையில கிடக்கிற ஓட்டாஞ்சில்லு ஒன்னைக்கூட யாரும் எடுக்கக்கூடாது. அது சட்டப்படி தப்பு, அதோட எந்த இடத்துல கிடந்துச்சுங்கிறது போயிட்டா அந்த ஓட்டுக்கு வாயே போயிடும். வண்டி ஏறுறதுக்கு முன்னாடி பாக்கெட் செக் பண்ணுங்க, பெரியவங்க பாக்கெட்டும் சேர்த்து. எங்க அனுபவத்துல மாட்டினது அங்கிள்ங்கதான்.

தமிழ்நாட்டுல இருக்கிறவங்க லோத்தல் இல்லையேன்னு கவலைப்பட வேண்டாம், சென்னை தரமணியில ரோஜா முத்தையா நூலகத்துல சிந்துவெளி ஆய்வு மையம் 2007ல இருந்து இருக்கு, மகாதேவன் 1977ல போட்ட குறி அட்டவணையில 417 குறி இருக்கு, அதுல ஒரு இருபதை மட்டும் வரைஞ்சு அட்டையா வெட்டுங்க, பசங்க சீட்டு மாதிரி ஆடுவாங்க. எடைக்கல் செட்டு ஒன்னை ஸ்கூல்லயே விட்டுட்டு வாங்க. ரெண்டு வாரம் கழிச்சு டீச்சருக்கு போன் பண்ணுங்க, எங்க கல்லு ஒன்னு இப்போ ஸ்டாஃப் ரூம்ல பேப்பர் வெயிட்டா இருக்காம், மீதி நாலும் ஆறாம் கிளாஸ் பசங்க கிட்டதான்.