வண்டி நம்பர் போலப் பெயர் கொண்ட ஜீன்: எங்கே, எப்படித் தேடுவது?

கோயம்புத்தூரில் எம்.எஸ்சி. பயோடெக் படிக்கும் அக்கா மகள் போன வாரம் போன் செய்தாள். "மாமா, புராஜெக்டுக்கு ஒரு ஜீன் குடுத்திருக்காங்க. பேரைப் பார்த்தா வண்டி நம்பர் மாதிரி இருக்குதுங்க." அந்த ஜீன் சி9ஓஆர்எஃப்72 (C9orf72). அது தரும் புரதம் என்ன வேலை செய்கிறது என்று தேட அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். ஒரு லேப்டாப்பும் இன்டர்நெட்டும் இருந்தால் போதும்.

முதலில் பெயரைப் பிரித்துப் படியுங்கள். சி9 என்பது ஒன்பதாவது குரோமோசோம். ஓஆர்எஃப் என்பது ஓப்பன் ரீடிங் ஃப்ரேம், அதாவது புரதமாக வாசிக்கத் தோதான தொடர். 72 வெறும் வரிசை எண். நம்ம பக்கத்துக் காட்டுக்கு இருக்கும் சர்வே நம்பர் மாதிரிதான்: காடு எங்கே இருக்கிறது என்று தெரியும், சோளம் போட்டிருக்கிறதா கடலை போட்டிருக்கிறதா என்று தெரியாது. மனிதரில் புரதம் தரும் ஜீன்கள் ஏறக்குறைய 20,000. அவற்றில் பலவற்றுக்கு இன்றைக்கும் சர்வே நம்பர்தான் பெயர்.

அடுத்து யூனிப்ராட் (UniProt) தளம், புரதங்களைப் பற்றிய தகவல் கிடங்கு. தேடும் பெட்டியில் பெயரை ஆங்கில எழுத்தில் அடித்தால் எலி, கோழி எல்லாம் சேர்ந்து வரும். இடது பக்கம் 'ஹியூமன்' (மனிதர்), 'ரெவ்யூடு' (ஆட்கள் சரிபார்த்தது) இரண்டையும் தேர்ந்தெடுங்கள். முதல் தடவை இதைச் செய்யாமல் எலியின் பக்கத்தை அரை மணி நேரம் உட்கார்ந்து படித்தவன் நான். சரியான பக்கத்தின் குறியீடு க்யூ96எல்டி7 (Q96LT7), நீளம் 481 அமினோ அமிலங்கள்.

இங்கே அவசரப்படாதீர்கள். 'ஃபங்ஷன்' பகுதியில் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னாலும் ஒரு சின்னக் குறிப்பு இருக்கும். 'பப்ளிகேஷன்' என்றிருந்தால் அதற்கு ஆய்வுக் கட்டுரை உண்டு, அழுத்திப் பார்க்கலாம். 'பை சிமிலாரிட்டி' என்றிருந்தால் வேறொரு உயிரியில் பார்த்ததை இதற்கும் பொருத்தியிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் புராஜெக்ட் கோணலாகிவிடும்.

இந்த ஜீனில் இன்னொரு குழப்பமும் உண்டு. இதில் ஜிஜிஜிஜிசிசி என்ற ஆறெழுத்து டி.என்.ஏ. துண்டு நூற்றுக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தால் ஏஎல்எஸ் என்ற நரம்பு நோயும் ஒருவகை மறதி நோயும் வரலாம் என்று 2011ல் தெரியவந்தது. அந்தத் துண்டு இருப்பது இன்ட்ரானில், புரதத்துக்கான குறிப்பு எழுதப்படாத பகுதியில். ஆக, "நோய் எப்படி வருகிறது?" ஒரு கேள்வி, "புரதம் தினமும் என்ன வேலை செய்கிறது?" வேறொரு கேள்வி. நோட்டில் தனித்தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.

அப்புறம் 'ஸ்ட்ரக்சர்' பகுதிக்குப் போனால் ஆல்ஃபாஃபோல்டு படம் இருக்கும். கணினி ஊகித்த வடிவம் அது. நூற்றுக்கு அடர்நீலம் 90க்கு மேல் நம்பிக்கை, ஆரஞ்சு 50க்கும் கீழே. ஆரஞ்சுப் பகுதி பிழிந்து போட்ட சந்தகை மாதிரி சுருண்டு கிடந்தால் அந்த வளைவுகளுக்கு அர்த்தம் தேடாதீர்கள்.

உறவுக்காரப் புரதங்களைத் தேட பிளாஸ்ட் (BLAST), அமினோ அமில வரிசைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் கருவி. அதில் ஒன்றும் சிக்கவில்லை என்றால் கைவிட வேண்டாம். நம் புரதத்தில் டென் (DENN) என்ற வகைப் பகுதிகள் இருப்பதை, இன்னும் நுணுக்கமாக வரிசைகளை ஒப்பிட்டுத்தான் முதலில் ஊகித்தார்கள். எஸ்எம்சிஆர்8, டபிள்யூடிஆர்41 என்ற இரண்டு கூட்டாளிப் புரதங்களோடு இது சேர்ந்திருக்கும் வடிவத்தை 2020ல் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியில் (உறையவைத்துப் பார்க்கும் முறை) பார்த்தபோது அந்த ஊகம் உறுதியானது.

புரதம் எந்தத் திசுவில் இருக்கிறது என்பதற்கு ஸ்வீடன்காரர்களின் ஹியூமன் புரோட்டீன் அட்லஸ். படத்துக்குப் பக்கத்தில் 'அன்சர்ட்டன்' (உறுதியில்லை) என்றிருந்தால் தாண்டிப் போங்கள்.

நோட்டில் பார்த்த தேதியையும் மறக்காமல் குறியுங்கள். யூனிப்ராட்டை வருடத்தில் பல தடவை புதுப்பிக்கிறார்கள். வைவா அன்றைக்குத் திறந்தால் பக்கம் மாறியிருக்கலாம்.